தண்ணீர் வகுத்த தடம்

ஆஸ்திரேலியாவின் படம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். தென்கரையில் அடிலெய்டு நகரம் தெரியும். அங்கிருந்து விரலை வடக்கே நகர்த்துங்கள். கோதுமை நிலங்களும் பிளிண்டர்ஸ் மலைத்தொடரும் கடந்து போகும். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் மரீ என்ற சிற்றூர் வரும். அதற்கு மேற்கிலும் வடக்கிலும், பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் உப்புப் பாளமாகக் கிடக்கும் ஐர் ஏரி இருக்கிறது. மரீயிலிருந்து ஒரு மெல்லிய கோடு வடகிழக்காகப் புறப்பட்டு, குயின்ஸ்லாந்து மாநில எல்லையை ஒட்டியுள்ள பேர்ட்ஸ்வில் என்ற ஊரில் போய் முடியும். இதன் நீளம் 517 கிலோமீட்டர். பேர்ட்ஸ்வில் தடம் என்று இதை அழைக்கிறார்கள்.

இதைச் சாலை என்று சொல்லாமல் தடம் என்று சொல்வதிலேயே இதன் தன்மை விளங்கும். மண்ணைச் சுரண்டிச் சமன் செய்த பாதை இது. இருபுறமும் சிம்ப்சன், ஸ்டர்ட், டிராரி, ஸ்ட்ரெலெக்கி என நான்கு பாலைவனங்கள் சூழ்ந்துள்ளன. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. திறந்த வெளியில் ஆவியாகிப் போகக்கூடிய நீரின் அளவோ அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இடையில் சில மாட்டுப் பண்ணைகளும், முங்கரானி என்ற இடத்தில் ஒரு விடுதியும் தவிர மனித வாசம் கிடையாது.

இப்படிப்பட்ட பாதையில் வண்டி ஓட்டுவது கடினம் என்பதை யாரும் சொல்லலாம். ஏன் கடினம் என்று ஆராய்ந்தால், மணல், கல், புழுதி, வெயில் ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் தண்ணீரே நிற்பதைக் காண்கிறோம். தண்ணீர் கிடைத்த இடங்களை இணைத்தே இத்தடம் பிறந்தது. தண்ணீர் வந்தால் இது உடைகிறது. வண்டியில் உள்ள தண்ணீர் தீர்ந்துபோனால் இது உயிரை வாங்குகிறது. இந்த மூன்று உண்மைகளையும் மனிதர்கள் கற்றுக்கொண்ட வரலாறுதான் இத்தடத்தின் வரலாறு.

காலடியில் ஒரு நீர்த்தேக்கம்

வெள்ளையர் வருவதற்கு மிக நெடுங்காலம் முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள், வழிகளும் இருந்தன. டியாரி, வங்கங்குரு முதலிய பழங்குடியினர் நீர்நிலைக்கு நீர்நிலை என்று கணக்கிட்டு நடந்தார்கள். டியாரி மக்கள் செங்காவி மண் எடுத்து வருவதற்காகத் தெற்கே பிளிண்டர்ஸ் மலை வரை சென்று திரும்பினார்கள். வங்கங்குரு மக்கள் மணற்குன்றுகளுக்கு இடையே ‘மிக்கிரி’ எனப்படும் ஒடுங்கிய ஊற்றுக் கிணறுகளைத் தோண்டி, அவற்றின் துணையால் பாலைவனத்தின் நடுவிலேயே குடியிருந்தார்கள். எந்த ஊற்று எத்தனை நாள் தாங்கும் என்ற அறிவு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது.

1844-இல் சார்லஸ் ஸ்டர்ட் என்ற ஆய்வாளர் அடிலெய்டிலிருந்து கண்டத்தின் உட்பகுதியைக் காணப் புறப்பட்டார். ஆஸ்திரேலியாவின் நடுவில் ஓர் உள்நாட்டுக் கடல் இருக்கும் என்று அவர் நம்பினார். ஆகவே குதிரைகளோடும் மாட்டு வண்டிகளோடும் ஒரு படகையும் ஏற்றிச் சென்றார். கடலைக் காணவில்லை. வறட்சியில் சிக்கி, நீர் இருந்த ஒரே பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஆறு மாதம் அடைபட்டுக் கிடந்தார். பின்னர் 1845-இல் அவர் எதிர்ப்பட்டது செந்நிறக் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்த எல்லையற்ற சமவெளி. இன்று அது ஸ்டர்ட் கற்பாலைவனம் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பேர்ட்ஸ்வில் தடம் அதன் ஊடாகத்தான் செல்கிறது.

ஸ்டர்ட் தேடிய தண்ணீர் உண்மையில் அவர் காலடியில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலத்தின் அடியில், சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்த நிலத்தடி நீர்ப்படுகை ஒன்று உள்ளது. இதற்குப் பெரிய ஆர்ட்டீசியன் படுகை என்று பெயர். கிழக்கே உயரமான மலைப்பகுதியில் பெய்யும் மழைநீர், நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை அடுக்கில் இறங்கி, ஆண்டுக்குச் சில மீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கி நகர்கிறது. அந்த அடுக்குக்கு மேலே நீர் புகாத களிப்பாறை மூடியாக அமைந்துள்ளது. மாடியிலுள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியே வரும் நீர், கீழே குழாயைத் திறந்ததும் அழுத்தத்தோடு பீறிடுகிறது அல்லவா? அதுபோலவே, இந்த மூடியைத் துளைத்துவிட்டால் நீர் தானாகவே மேலே பொங்கி வருகிறது. ஆழத்திலிருந்து வருவதால் கொதிக்கக் கொதிக்க வருகிறது. பேர்ட்ஸ்வில் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரின் வெப்பநிலை 98 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் கொண்டே 2018 வரை அவ்வூரில் சிறு மின்நிலையம் ஒன்று இயங்கி வந்தது.

1878-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பர்க் நகருக்கு அருகே கல்லாரா பண்ணையில் தோண்டிய கிணற்றில் நீர் பொங்கியதோடு இந்தப் படுகை வெளிப்பட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் மரீக்கு ரயில் பாதை வந்து சேர்ந்தது. குயின்ஸ்லாந்தின் தென்மேற்கு மேய்ச்சல் நிலங்களில் கொழுத்த மாடுகளை மரீ வரை ஓட்டி வந்துவிட்டால், அங்கிருந்து ரயிலில் அடிலெய்டு சந்தைக்கு அனுப்பிவிடலாம். ஆனால் ஐநூறு கிலோமீட்டர் வறண்ட நிலத்தைக் கடப்பது எப்படி? மந்தையாகப் போகும் மாடு ஒரு நாளில் சுமார் 15 கிலோமீட்டர்தான் நடக்கும். தண்ணீர் இல்லாமல் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஆகவே 1890-களிலிருந்து அரசாங்கம் வழிநெடுக, ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஆழ்துளைக் கிணறுகள் தோண்டியது. பொங்கி வந்த வெந்நீரை நீண்ட வாய்க்காலில் ஓடவிட்டு, ஆறிய பிறகு மாடுகள் குடித்தன.

இன்று அத்தடத்தில் செல்பவர், இது ஏன் இங்கே வளைகிறது, ஏன் அங்கே திரும்புகிறது என்று வியக்கலாம். மாட்டின் தாகம் போட்ட கணக்குதான் பெரும்பாலும் அதற்கு விடை. லாரிகளும் கார்களும் பிற்பாடு வந்து அந்தக் கோட்டின் மேலேயே ஓடத் தொடங்கின.

ஒட்டகத்தின் பாதம்

மாடுகள் தெற்கே வந்தன. மாவு, தேயிலை, கம்பிச்சுருள், இரும்புத் தகடு முதலியவை வடக்கே போக வேண்டியிருந்தது. இந்த வேலையை ஏற்றவை ஒட்டகங்கள். 1866-இல் தாமஸ் எல்டர் என்ற செல்வந்தர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களை அவற்றின் பாகர்களோடு தென் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு ஆயிரக்கணக்கில் வந்தன. பாகர்களை எல்லோரும் ஆப்கானியர் என்றே அழைத்தனர். உண்மையில் அவர்களில் பலர் பலூசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் முதலிய, அன்றைய இந்தியப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மரீ அவர்களுடைய முக்கியத் தங்குமிடம் ஆயிற்று. அங்கே அவர்கள் பள்ளிவாசல் எழுப்பினார்கள், பேரீச்சை நட்டார்கள். ஆனால் ரயில் பாதைக்கு ஒருபுறம் வெள்ளையரும் மறுபுறம் ஆப்கானியரும் பழங்குடியினருமாக ஊர் பிரிந்தே இருந்தது.

மணலில் குதிரை வண்டி புதைந்த இடத்தில் ஒட்டகம் எப்படி நடந்தது? காரணம் அதன் பாதம். குதிரையின் குளம்பு சிறியது, கடினமானது. ஒட்டகத்தின் பாதமோ அகன்ற மெத்தை. எடை அழுந்தும்போது இன்னும் விரியும். ஒரே எடை அகன்ற பரப்பில் பரவும்போது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மணலும் தாங்க வேண்டிய சுமை குறைகிறது. இந்த எளிய உண்மையை மோட்டார் வண்டிகள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தபால் லாரி

1936-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள், டாம் குரூஸ் என்ற இளைஞர் மரீயிலிருந்து தபால் லாரியை ஓட்டிக்கொண்டு பேர்ட்ஸ்வில் நோக்கிப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, இரு வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தடத்தில் போய்வருவது அவர் தொழிலாயிற்று. தபால் லாரி என்று பெயரே தவிர, அதில் கடிதப் பை ஒரு மூலையில்தான் இருக்கும். எரிபொருள் பீப்பாய்கள், மாவு மூட்டைகள், மருந்து, இயந்திர உறுப்புகள், சில சமயம் பயணிகள் என்று பண்ணைகளுக்கு வேண்டிய எல்லாம் அதில் ஏறின. நல்ல காலத்தில் சில நாட்களில் முடியும் பயணம், மழை வந்துவிட்டால் வாரக்கணக்கில் நீளும்.

குரூஸுக்குப் பெரும் தொல்லை கொடுத்தவை மணற்குன்றுகள். உலர்ந்த மணலில் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பசை எதுவும் இல்லை. கனத்த லாரியின் குறுகிய சக்கரம் அதன் மீது ஏறும்போது துகள்கள் பக்கவாட்டில் விலகுகின்றன. சக்கரம் இறங்குகிறது. ஓட்டுநர் விசையைக் கூட்டினால், சுழலும் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிறது. இதற்குக் குரூஸ் கண்ட வழி, கனத்த இரும்புத் தகடுகள். சக்கரத்தின் முன் தகட்டை வைத்து, அதன் மேல் லாரியை ஓட்டி, பின்னால் போன தகட்டை எடுத்து மீண்டும் முன்னால் வைக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் ஒரே குன்றைக் கடக்க இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. 1954-இல் ஜான் ஹேயர் இயக்கிய ‘தி பேக் ஆஃப் பியாண்ட்’ என்ற ஆவணப் படம் இக்காட்சிகளை உலகுக்குக் காட்டியது. வெனிஸ் திரைப்பட விழாவில் அது பெரும் பரிசு பெற்றது.

தகடு செய்த வேலையை இன்று சக்கரத்தின் காற்றே செய்கிறது. இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இரண்டரை டன் எடையுள்ள வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 625 கிலோ சுமக்கிறது. டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ என்றால், அந்தச் சுமையைத் தாங்க டயர் தரையில் சுமார் 250 சதுர சென்டிமீட்டர் பதிய வேண்டும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் பதியும் பரப்பு ஏறத்தாழ 500 சதுர சென்டிமீட்டராக இரட்டிக்கும். அகலத்தைவிட நீளவாக்கில்தான் இந்தப் பரப்பு மிகுதியாகக் கூடும். ஒட்டகத்தின் பாதம் விரிவதும் இதுவும் ஒன்றே. ஆனால் காற்றைக் குறைத்த டயரோடு கெட்டித் தரையில் வேகமாகப் போனால், அதன் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி விரிந்து சூடேறிக் கிழிந்துவிடும். எனவே மணல் முடிந்ததும் மறுபடி காற்றடைக்க வேண்டும். காற்றடிக்கும் கருவி இல்லாமல் காற்றைத் திறந்துவிடுவது ஆபத்து.

மேகமில்லாத வெள்ளம்

இத்தடத்தின் விந்தைகளில் முதன்மையானது இதன் வெள்ளம். வானத்தில் மேகமே இல்லாத நாளில், பல மாதங்களாக ஒரு துளி மழை காணாத இடத்தில், ஆறு பெருகி வந்து வழியை மறிக்கும். டயமன்டினா, கூப்பர் ஆகிய இரு ஆறுகளும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடகிழக்கே, குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் தோன்றுகின்றன. அங்கே கோடை மழை பெய்தால் வெள்ளம் தெற்கு நோக்கிக் கிளம்புகிறது. நிலத்தின் சரிவு மிகக் குறைவு. ஆகவே நீர் ஒரே படுகையில் பாயாமல் எண்ணற்ற கால்வாய்களாகப் பிரிந்து பரவி, மெல்ல ஊர்ந்து வருகிறது. தடத்தை வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். பெரும்பாலான ஆண்டுகளில் வழியிலேயே வற்றிவிடும். சில ஆண்டுகளில் மட்டும் ஐர் ஏரி வரை போய்ச் சேரும்.

1949-இல் கூப்பர் ஆறு அப்படிப் பெருகி வந்து தடத்தைத் துண்டித்தது. பல கிலோமீட்டர் அகலத்துக்கு நீர் நின்றது. ‘டாம் பிரென்னன்’ என்று பெயரிட்ட ஒரு சிறு மிதவைப் படகைக் கொண்டுவந்து ஆட்களையும் பொருள்களையும் கரை கடத்தினார்கள். குரூஸ் ஒரு கரையில் லாரியை நிறுத்தி, சரக்கைப் படகில் ஏற்றிக் கடந்து, மறு கரையில் நின்ற இன்னொரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். இன்று அந்தப் படகு பழைய துறையருகே, சுற்றிலும் வறண்ட மண் கிடக்க, நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஸ்டர்ட் பாலைவனத்துக்குப் படகு கொண்டுவந்தது முழு முட்டாள்தனம் அல்ல என்று அதைப் பார்க்கும்போது தோன்றும். அவர் வந்த ஆண்டுதான் தவறு.

பேர்ட்ஸ்வில்லுக்குத் தெற்கே டயமன்டினா ஆறு கோய்டர் காயல் என்ற பரந்த சதுப்பில் விரிகிறது. பழைய நாளில் அதன் ஊடாகச் செல்லும் ‘உள் தடம்’ ஒன்றும், வெள்ளக் காலத்தில் கிழக்கே சுற்றிப் போகும் ‘வெளித் தடம்’ ஒன்றும் இருந்தன. உள் தடம் குறுகியது. ஆனால் நம்ப முடியாதது. காலப்போக்கில் சுற்று வழியே நிலைத்தது. இன்றைய பாதையும் அதுதான்.

கல், மாவு, சேறு

உள்ளூர் மழையும் சிறிதளவே பெய்தாலும் பெரும் வேலை செய்துவிடும். ஸ்டர்ட் கண்ட கற்சமவெளியின் மேற்பரப்பைப் பாருங்கள். ‘கிப்பர்’ என்று அங்கே சொல்லப்படும் இந்தக் கற்கள் சிலிக்கா இறுகிய கடினப் பாறையின் துண்டுகள். இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் படிந்து செந்நிற மெருகு ஏறியவை. இவை தரைக்கு ஒரு கவசம். கவசத்துக்குக் கீழே இருப்பதோ மிக நுண்ணிய களிமண். வண்டிச் சக்கரம் கவசத்தைக் கலைத்துவிட்டால், வெயிலும் காற்றும் வண்டிகளும் அந்தக் களிமண்ணை மாவாக அரைத்துவிடுகின்றன. ‘புல்டஸ்ட்’ என்று ஓட்டுநர்கள் சொல்லும் இந்த மாவுப்புழுதி, குழிகளில் நீர்போலச் சமமாக நிரம்பி நிற்கும். மேலிருந்து பார்த்தால் தட்டையான பாதை. உள்ளே முழங்கால் ஆழப் பள்ளம். எதிரே ஒரு வண்டி போனால் எழும் புழுதி மண்டலத்தில் எதுவும் தெரியாது. அப்போது நின்றுவிடுவதே அறிவுடைமை.

அதே களிமண்ணில் மழை விழுந்தால் கதை மாறுகிறது. களித்துகள்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. தரை வழுக்குப் பசையாகிச் சக்கரத்தில் அப்பை அப்பையாக ஒட்டிக்கொள்கிறது. அந்நேரத்தில் யாரேனும் பிடிவாதமாக வண்டியை ஓட்டினால், ஆழ்ந்த சக்கரத் தடங்கள் பதிகின்றன. வெயில் வந்ததும் அவை செங்கல்லைப் போல இறுகிவிடும். ஒருவர் ஒரு மணி நேரம் காத்திராததால் அடுத்த பல வாரங்களுக்கு எல்லோருடைய வண்டியும் அடிபடும். மழைக்குப் பின் தடத்தை அரசாங்கம் மூடிவிடுவதும், மூடிய தடத்தில் ஓட்டுபவருக்கு அபராதம் விதிப்பதும் இதனால்தான்.

சக்கரம் வரையும் அலை

மழையும் மணலும் இல்லாத நல்ல கெட்டித் தரையில் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. பாதைக்குக் குறுக்காக, நெளிதகட்டுக் கூரையைப் போல, வரிசை வரிசையாக மேடும் பள்ளமும் தோன்றிவிடுகின்றன. நம்மூர் மண் சாலைகளிலும் கப்பிச் சாலைகளிலும் பேருந்தில் போகும்போது பல் கிடுகிடுக்க இதை உணர்ந்திருப்பீர்கள். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே பொதுவாக அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இருக்கும். யார் அளந்து போட்டது போல இவை எப்படி உண்டாகின்றன?

ஒட்டகமும் மாடும் நடந்த காலத்தில் இந்த அலைகள் இல்லை. சக்கரமும் வேகமும் சேர்ந்தபோதுதான் தோன்றின. கெய்த் மேதர் என்ற ஆஸ்திரேலிய இயற்பியலாளர் 1960-களின் தொடக்கத்தில் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். வட்டமான மணல் தடத்தின் மேல், ஒரு கரத்தின் நுனியில் பொருத்திய சிறு சக்கரத்தைச் சுற்றி ஓடவிட்டார். சக்கரம் மெல்ல ஓடியபோது தடம் சமமாகவே இருந்தது. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் தானாகவே அலைகள் எழுந்தன. சக்கரத்தை மாற்றினாலும், மணலுக்குப் பதிலாக வேறு துகள்களைப் பரப்பினாலும் அலைகள் வரவே செய்தன. 1963-இல் இம்முடிவுகள் பரவலாக அறியப்பட்டன.

நடப்பது இதுதான். எந்தத் தரையிலும் எங்காவது ஒரு சிறு மேடு இருக்கும். வேகமாக வரும் சக்கரம் அதில் ஏறி, தரையைவிட்டுச் சற்றே துள்ளும். விழும் இடத்தில் மண்ணை அழுத்தி முன்னாலும் பக்கத்திலும் தள்ளும். அங்கே ஒரு பள்ளமும் அதையடுத்து ஒரு மேடும் உண்டாகும். அந்த மேட்டில் மீண்டும் துள்ளல், மீண்டும் விழுதல். பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் அதே இடங்களில் துள்ளி விழுந்து அலையை வளர்க்கிறது. வண்டியின் வில்லும் அதிர்வுதாங்கியும்தான் காரணம் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2007-இல் பிரான்ஸ், கனடா, பிரிட்டன் நாடுகளைச் சேர்ந்த டாபர்லெட், மாரிஸ், மெக்எல்வெய்ன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, வில் இல்லாத வெறும் சக்கரமும் அலைகளை உண்டாக்கும் என்று காட்டியது. நீரின் மேல் எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்தித் தத்திப் போவதற்கும் இதற்கும் உறவு உண்டு என்றும் அவர்கள் விளக்கினார்கள். அலை தோன்றாமலிருக்க வேண்டுமானால் மிகமிக மெதுவாக ஓட்ட வேண்டும். அந்த வேகத்தில் யாரும் ஐநூறு கிலோமீட்டர் போகமாட்டார்கள்.

இனி ஓட்டுநரின் நிலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அலை இடைவெளி முக்கால் மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 8.3 மீட்டர் செல்கிறது. ஆகவே சக்கரம் நொடிக்கு 11 முறை அடிபடுகிறது. காரின் சக்கரமும் அச்சும் இயல்பாகத் துள்ளும் அதிர்வெண்ணும் ஏறத்தாழ இதே அளவு. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவது போல, ஒவ்வோர் அடியும் முந்தைய துள்ளலைப் பெருக்குகிறது. ஆணிகள் கழல்கின்றன, வில்கள் முறிகின்றன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலோ நொடிக்கு 30 அடி விழுகிறது. சக்கரத்துக்குப் பள்ளத்தில் இறங்க நேரமில்லை. மேடுகளின் முதுகிலேயே தத்திச் செல்கிறது. பயணம் சட்டென்று மென்மையாகிவிடும். இங்கேதான் ஆபத்து. சக்கரம் தரையைத் தொடும் நேரம் குறைந்துவிட்டதால், திருப்பினாலும் பிரேக் போட்டாலும் வண்டி முழுதாகக் கேட்காது. வளைவில் அப்படியே பக்கவாட்டில் வழுக்கிப் போகும். குலுக்கல் தெரியாதபோதுதான் ஓட்டுநர் மிக விழிப்பாக இருக்க வேண்டும்.

1963-ஆம் ஆண்டின் கோடை

இதுவரை சொன்னவை வண்டியை உடைப்பவை. உயிரைப் பறிப்பது வேறு. 1963 டிசம்பர் இறுதியில், இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் மரீயிலிருந்து காரில் வடக்கே புறப்பட்டது. தாய், தந்தை, மூன்று மகன்கள். தென் அரைக்கோளத்தில் அது கடுங்கோடை. வழி தவறினார்கள், பெட்ரோல் தீர்ந்தது. தண்ணீர் குறைவாகவே இருந்தது. காரில் ஒரு குறிப்பை எழுதி வைத்துவிட்டு நடந்து போனார்கள். ஐவருமே தாகத்தால் இறந்தார்கள். தேடிச் சென்றவர்கள் காரைத்தான் முதலில் கண்டார்கள்.

இந்த மரணங்களுக்குப் பின்னால் உள்ள உடலியலை 1947-லேயே விஞ்ஞானிகள் வெளியிட்டிருந்தார்கள். எட்வர்ட் அடால்ஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரும் அவர் குழுவினரும் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியப் பாலைவனத்தில் நடத்திய ஆராய்ச்சி அது. அதன்படி, வெப்பம் 49 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும்போது, நிழலில் அசையாமல் இருப்பவர்கூட நீரின்றிச் சுமார் இரண்டு நாட்களே உயிரோடு இருக்க முடியும். வெயிலில் நடப்பவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வியர்வையாகப் போய்விடும். இரவில் மட்டும் நடந்தாலும் அந்த இரண்டு நாள் அவகாசம் சுருங்கவே செய்யும். இருக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து மிச்சம் பிடிப்பதாலும் பயனில்லை. வியர்வை அதற்காகக் குறைவதில்லை. நீர் பாத்திரத்தில் இருப்பதைவிட உடலுக்குள் இருப்பதே நல்லது என்று அவ்வாராய்ச்சி காட்டியது. குறைக்க வேண்டியது குடிப்பதை அல்ல, வியர்ப்பதை.

ஆகவேதான் ‘வண்டியை விட்டு விலகாதே’ என்பது அத்தடத்தின் முதல் விதி ஆயிற்று. வண்டி நிழல் தருகிறது. தேடி வரும் விமானத்திலிருந்து பார்த்தால், பரந்த சமவெளியில் ஒரு மனிதன் புள்ளிகூட அல்ல; ஒரு கார் கண்ணில் படும். இன்னொரு விதி, எங்கே போகிறோம், எப்போது சேர்வோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் புறப்படுவது. இதற்குச் செய்தித் தொடர்பு வேண்டும். 1929-இல் ஆல்ஃபிரட் டிரேகர் அமைத்த, சைக்கிள் போலக் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிப் பெட்டி, தனித்துக் கிடந்த பண்ணைகளை முதன்முறையாக ஒன்றோடொன்றும் பறக்கும் மருத்துவருடனும் இணைத்தது. தபால் லாரி எந்தப் பண்ணையைத் தாண்டியது என்பதைப் பிற்காலத்தில் அந்த அலைகளே சொல்லின. தேடுவதற்கு ஒருவர் இருக்கும் வரையில்தான் காத்திருப்பதில் பொருள் உண்டு.

இன்றைய தடம்

காலப்போக்கில் மாட்டு மந்தைகளின் இடத்தை, பல இணைப்பு வண்டிகளை இழுத்துச் செல்லும் நெடிய லாரிகள் பிடித்தன. அவற்றுக்காகத் தடத்தை அகலப்படுத்தி உயர்த்தினார்கள். மரீக்கு வந்த ரயில் 1980-களில் நின்றுபோயிற்று. பொங்கும் கிணறுகளைக் கணக்கின்றித் திறந்துவிட்டதால் நிலத்தடி அழுத்தம் குறைந்தது. 1999-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் பல கிணறுகளுக்கு மூடி போட்டுக் குழாயில் நீர் விட்டார்கள். 1957-இல் குரூஸ் பாலைவனத்தில் கைவிட்ட லேலண்ட் பேட்ஜர் லாரியைப் பிற்காலத்தில் ஆர்வலர்கள் தேடி மீட்டுப் பழுது பார்த்தார்கள். 1999-இல் அந்த லாரியிலேயே கடைசியாக ஒருமுறை அவர் தபால் கொண்டுபோனார். 2011-இல் தம் 96-ஆம் வயதில் காலமானார். லாரி இப்போது பேர்ட்வுட் நகர மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செயற்கைக்கோள் தொலைபேசியும் இடங்காட்டும் கருவியும் வந்துவிட்ட இந்நாளில், நான்கு சக்கரமும் உந்தும் வண்டியில் ஒரே நாளில் தடத்தைக் கடந்துவிடலாம். ஆயினும் மரீயில் புறப்படும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. தடம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அது சொல்லும். அதைத் தீர்மானிப்பவை வண்டியின் விலையோ ஓட்டுநரின் துணிச்சலோ அல்ல. நேற்று விழுந்த மழையும், முந்நூறு நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்ற மாதம் விழுந்த மழையுமே. அந்தப் பலகையைப் படித்து, தண்ணீர்க் கலங்களை எண்ணிப் பார்த்து, போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் புறப்படுபவர், டியாரி மக்களும் ஒட்டகப் பாகர்களும் டாம் குரூஸும் கற்ற அதே பாடத்தைத்தான் கற்கிறார்.